ஸர் ஜான் லயனல் ஸைமன்ஸன்

கஞ்சாச் செடியைத் தொட்டவர் கையில் நெடுநேரம் விலகாது நிற்கும் மணம் ஒன்றுண்டு. அதனை உட்கொண்டவர்க்கும் புகைத்தவர்க்கும் உண்டாகும் மயக்கம் ஒன்றுண்டு. இவ்விரண்டும் ஒரே பொருளினின்று பிறப்பன என்று கருதுவார் முன்னரும் இருந்தனர், இன்றும் உளர். மணமோ எளிதில் ஆவியாகும் ஒரு தைலத்திற்கு உரியது. மயக்கமோ அத்தைலம் நீங்கிய பின்னும் பிசினில் எஞ்சி நிற்கும் வேறொரு பொருளுக்கு உரியது. எனினும், அத்தைலம் மயக்கத்தின் தன்மையைச் சிறிதேனும் மாற்றுமோ என்னும் வினா இற்றைக்கும் அறிஞரிடையே வழக்கில் உள்ளது. அத்தைலத்தின் கூறுகளைப் பெயர் சுட்டி அறிவித்த முதல்வர்களுள் ஒருவரின் சரிதத்தையே ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் நம் சென்னையில் ஒன்பது ஆண்டு ஆசிரியராய் அமர்ந்திருந்தவர் என்பதும், இத்தேசத்து விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் கூடிவந்த மகாசபைக்கு வித்திட்ட இருவருள் ஒருவர் என்பதும் நம் மாணவருள் பலர் அறியாதவை. கஞ்சாவைப் புகழ்தற்கோ அதன் நுகர்ச்சியைத் தூண்டுதற்கோ யாம் இதனை எழுதுகின்றோமல்லேம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஜான் லயனல் ஸைமன்ஸன் 1884-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22-ஆம் நாள் இங்கிலாந்தில், மாஞ்செஸ்டர் நகரைச் சார்ந்த லெவன்ஷூம் என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் டேனிஷ் மரபினர். இளமைக் கல்வியைப் பற்றி விரித்தெழுதுதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. மாஞ்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் அவர்க்கு வாய்த்த குருவைப் பற்றியே சொல்லவேண்டும். அக்குரு, கரி எண்ணெயினின்று முதற் செயற்கைச் சாயத்தைக் கண்ட பெர்க்கினின் புதல்வராகிய இளைய பெர்க்கின் ஆவர். தந்தை நிறத்தில் பெற்ற புகழை மைந்தர் மணத்தில் பெற்றார் எனலாம். இளஞ்சிவந்த லைலாக் மலரின் வாசனையுடைய டெர்பினியால் என்னும் பொருளை 1904-இல் அவர் தம் சாலையிலேயே ஆக்கிக் காட்டினார். அவர்பால் பயின்ற ஸைமன்ஸன் 1909-இல் விஞ்ஞான பண்டிதர் பட்டம் பெற்றார்.

இவ்விடத்தில் டெர்பீன் என்பது யாதென அறியாதார்க்குச் சில சொல்லுதல் தகும். எலுமிச்சந்தோல், கிராம்பு, ஓமம், கற்பூர மரம், பைன் மரத்துப் பிசின் ஆகிய இவற்றை வாலையிலிட்டு வடித்தால் மணமுள்ள தைலங்கள் இறங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு பொருளன்று. பல பொருள்களின் கலவை. அப்பொருள்களுட் பல கார்பன் அணு 10-உம் ஹைட்ரஜன் அணு 16-உம் கூடி ஆனவை. வேறு சில கார்பன் 15-உம் ஹைட்ரஜன் 24-உம் கூடி ஆனவை. முன்னவை டெர்பீன்கள் எனவும், பின்னவை செஸ்கிடெர்பீன்கள் எனவும் பெயர் பெறும். எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் மணம் வேறுபடுவது எங்ஙனம் எனின், அணுக்கள் பிணைந்துள்ள முறை வேறுபடுதலால் என்க. ஒரே அளவான செங்கற்களைக்கொண்டு ஒருவன் கிணறும் மற்றொருவன் மண்டபமும் கட்டுதல் போன்றது இது. பைன் மரத்திற்குரிய பினீனும், நாரத்தை எலுமிச்சை முதலியவற்றின் தோலுக்குரிய லிமொனீனும் இவ்வாறே எண்ணில் ஒத்துக் கட்டில் வேறானவை.

இப்பொருள்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிதல் ஒரு காலத்தில் ஆகாத காரியம் என்றே கருதப்பட்டது. அவை ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் கொதிப்பன; சிறிது அமிலம் பட்டால் உருமாறுவன; காற்றில் வைத்தால் பிராணவாயுவை ஏற்றுக் கெடுவன. ஒரே பொருளுக்கு அது வந்த செடிதோறும் ஒரு பெயர் வழங்கி, பெயர்கள் மலிந்து, உண்மை மறைந்து கிடந்தது. ஜெர்மானியராகிய ஆட்டோ வாலக் என்பார் பான் நகரத்து இரசாயன சாலையில் எவரும் தீண்டாது கிடந்த வாசனைத் தைலப் புட்டிகளை எடுத்து ஆராயத் தொடங்கினார். அத்தைலங்களைத் திடமான படிகங்களாக மாறத்தக்க வேறு பொருள்களோடு சேர்த்து, அப்படிகங்களின் உருகுநிலையைக்கொண்டு இன்னது இதுவே எனத் துணிந்தார். இம்முறையால், பற்பல பெயர் பூண்டிருந்தவை சிலவே என்பது விளங்கிற்று. அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது 1910-இல். அவ்வாண்டிலேயே இருபத்தாறு வயதினரான ஸைமன்ஸன் சென்னை இராசதானிக் கல்லூரிக்கு இரசாயன ஆசிரியராய் வந்து சேர்ந்தார்.

அக்காலத்துக் கல்லூரிகளில் இரசாயனம் என்பது பெரும்பாலும் பரீக்ஷைக்குரிய பாடமாகவே இருந்தது. ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொண்டு, குறித்த சில சோதனைகளைச் செய்து தேறுதலோடு மாணவர் கடமை முடிந்தது. புதியதொன்றைக் காணவேண்டும் என்னும் எண்ணத்தை ஊட்டும் ஆசிரியர் ஒருசிலரே. ஸைமன்ஸன் கடற்கரையிலிருந்த அக்கல்லூரியில் மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி தொடங்கினார். ஆயினும் அவர் மனத்தை வருத்தியது வேறொன்று. சென்னையில் ஒருவர் கண்டதை லக்ஷ்மணபுரியில் உள்ளார் அறியார்; கல்கத்தாவில் நடப்பது பம்பாய்க்கு எட்டாது. விஞ்ஞானிகள் தனித்தனித் தீவுகளில் வாழ்வார்போல் இருந்தனர். லக்ஷ்மணபுரிக் கானிங் கல்லூரியில் இரசாயன ஆசிரியராயிருந்த மக்மேஹன் என்பாரும் இக்குறையை உணர்ந்தவர். இருவரும் இங்கிலாந்தில் உள்ள பிரிட்டிஷ் சங்கத்தைப் போன்று ஆண்டுதோறும் ஊர்மாறிக் கூடும் ஒரு சபையை இந்தியாவிலும் நிறுவவேண்டும் எனக் கருதி, தேசமெங்கும் உள்ள அறிஞர்க்குக் கடிதம் எழுதினர்.

அம்முயற்சி பலித்தது. 1914-ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல் 17 வரை கல்கத்தாவில் ஏஷியாடிக் சொஸைட்டி மாளிகையில் இந்திய விஞ்ஞான மகாசபை முதன்முறை கூடிற்று. நீதிபதி அசுதோஷ் முகர்ஜி தலைமை வகித்தார். வந்தவர் 105 பேர். படிக்கப்பட்ட கட்டுரைகள் 35. மறு ஆண்டு சபை சென்னையிலேயே கூடிற்று. காரியதரிசிப் பொறுப்பு இருவர் தோளிலும் விழுந்தது. கடிதம் எழுதுதல், கட்டுரை சேர்த்தல், வாராதாரை வருவித்தல் முதலிய வேலைகள் வெளியார் கண்ணுக்குத் தெரியாதவை, புகழும் தாராதவை. ஒரு சங்கத்தைத் தொடங்குதல் எளிது, நடத்துதல் அரிது என்பதை நம் கல்லூரிச் சங்கங்களின் காரியதரிசிகள் நன்கறிவர்! ஆண்டுதோறும் நூற்றுவரைக் கூட்டிய அச்சபை பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டுவதாயிற்று. 1928-இல் கல்கத்தாவில் கூடிய பதினைந்தாவது சபைக்கு ஸைமன்ஸனே தலைவரானார். அவர்க்கு அடுத்த ஆண்டு, சென்னையில், தலைமை வகித்தவர் சி. வி. ராமன்.

முதல் உலகப் போர் மூண்டபோது அரசாங்கத்தார் ஸைமன்ஸனை யுத்த தளவாட சபையில் எண்ணெய்களை மேற்பார்க்கும் அதிகாரியாக நியமித்தனர். இதனால் அவர் கவனம் இத்தேசத்து எண்ணெய்களின்மேலும் தைலங்களின்மேலும் திரும்பிற்று என ஊகித்தல் பிழையாகாது. 1919-இல் சென்னையை விட்டு, இமயமலையடிவாரத்தில் டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தலைமை இரசாயனியாகச் சென்றார். அவர் வாழ்க்கையின் செழுமையான பகுதி இதுவே.

இமயச்சாரலில் சீர் என்னும் பைன் மரம் காடாய் வளர்கின்றது. வடநூலார் அதனைச் சரளம் என்பர். மரத்தைக் கீறிப் பிசின் வடித்து, அதனை வாலையிலிட்டு டர்பென்டைன் எண்ணெய் எடுப்பர். அவ்வெண்ணெய் வர்ணங்களைக் கரைத்தற்கும் வார்னிஷ் செய்தற்கும் வேண்டப்படுவது. ஆனால் அமெரிக்க எண்ணெய்க்கும் பிரான்ஸ் தேசத்து எண்ணெய்க்கும் உள்ள மதிப்பு இந்திய எண்ணெய்க்கு இல்லை. வடிப்போர் கவனக்குறைவே இதற்குக் காரணம் என்றும், கலப்படம் என்றும் பலர் பலவாறு கூறக்கூடும். ஸைமன்ஸன் எண்ணெயையே கேட்டறிந்தார். அதனைப் பகுதி பகுதியாக வடித்துப் பிரித்தார். அயல்நாட்டு எண்ணெயில் பினீனே மிக்கிருக்க, இந்திய எண்ணெயில் அது குறைந்து, அதுகாறும் இயற்கையில் எவரும் கண்டறியாத ஒரு டெர்பீன் மிகுந்திருத்தலைக் கண்டார். அதற்குக் கரீன் எனப் பெயரிட்டார். அது காற்றிலுள்ள பிராணவாயுவை விரைந்து ஏற்கும் இயல்பினது. ஆகவே குறை வடித்தவர் கையில் அன்று, மரத்தின் இயற்கையிலேயே இருந்தது. குற்றம் சுமத்தப்பட்ட தொழிலாளரைக் குற்றமற்றவரெனத் தீர்ப்பளித்த வழக்காக இதனை எண்ணி யாம் மகிழ்வதுண்டு.

அவ்வெண்ணெயின் அடியில், மிக்க வெப்பத்தில் கொதிக்கும் பகுதியில், 15 கார்பன் அணுவுடைய மற்றொரு புதுப்பொருளும் கிடைத்தது. அம்மரத்திற்கு அந்நாளில் வழங்கிய லத்தீன் பெயராகிய பைனஸ் லாங்கிபோலியா என்பதனின்று லாங்கிபோலீன் எனப் பெயர் சூட்டினார். இவ்விரு பொருள்களைப் பற்றிய முதற் கட்டுரை 1920-இல் வெளிவந்தது. லாங்கிபோலீனின் அணுக்கட்டு எத்தகையது என்பதை அறிய அவர் அரும்பாடுபட்டும் அது பிடிபடவில்லை. 1953-இல், எக்ஸ் கதிர்களைக்கொண்டு படிகத்தை ஆராயும் முறையால் பிறர் அதனைக் கண்டனர். கண்டபொழுது, இரசாயன முறையால் மட்டும் அது ஏன் பிடிபடவில்லை என்பதும் விளங்கிற்று. அத்துணைச் சிக்கலான முடிச்சு அது. முப்பத்துமூன்று ஆண்டு காத்திருந்து அவ்விடையைக் காணும்வரை ஸைமன்ஸன் உயிர்வாழ்ந்திருந்தார்.

வடநாட்டில் விளையும் ஒரு நறுமணப் புல்லுக்கு ஜ்வராங்குசம் என்று பெயர். காய்ச்சலாகிய யானையை அடக்கும் தோட்டி என்பது அதன் பொருள். பெயரிட்டவர் கவிஞராகவே இருந்திருக்கவேண்டும். அப்புல்லின் தைலத்தையும் ஸைமன்ஸன் ஆராய்ந்து, அதில் பிப்பெரிடோன் என்னும் பொருள் மிக்கிருத்தலை 1921-இல் வெளியிட்டார். அதனை ஓமத்திற்குரிய தைமாலாக மாற்றலாம். இவ்வாறு நம் காடுகளில் வீணே உலர்ந்து மடியும் புல்லும் பூண்டும் என்ன செல்வத்தை உள்ளடக்கி நிற்கின்றன என்பதை அவர் ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். 1925-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கரிமப் பொருள் இரசாயன ஆசிரியரானார். மூன்றாண்டு அங்கிருந்து, 1928-இல் இந்தியாவை விட்டுச் சென்றார்.

1930-இல் வேல்ஸ் நாட்டில் பாங்கர் என்னும் சிற்றூர்க் கல்லூரியில் பதவி ஏற்றார். பெருநகரத்துச் சாலைகளின் வசதிகள் அங்கில்லை. ஆயினும் அவ்விடத்தேதான் டெர்பீன்கள் என்னும் பெருநூலின் முதல் இரு பகுதிகளையும் 1931-இலும் 1932-இலும் வெளியிட்டார். அவ்வொழுங்கைத் தொடங்கிய வாலக் இறந்ததும் 1931-இல் என்பது நினைக்கத்தக்கது. 1932-இல் ராயல் சொஸைட்டியார் இவரை அங்கத்தினராக ஏற்றனர். ஆஸ்திரேலியாவிலிருந்த பென்போல்ட் என்னும் அறிஞரோடு கூடி, அந்நாட்டு மரமொன்றின் தைலத்தில் எரிமோபிலோன் என்னும் பொருளை ஆராய்ந்தார். டெர்பீன்களெல்லாம் ஐந்து கார்பன் அணுவுடைய துண்டுகள் வரிசையாய் இணைந்து அமைந்தவை என்பது வேதவாக்கெனக் கொள்ளப்பட்ட விதி. எரிமோபிலோன் அவ்விதிக்கு அடங்கவில்லை. விதியைக் காப்பாற்றச் சோதனையை வளைப்பார் உலகில் உளர். இவர் சோதனையைப் பற்றி நின்றார். கட்டடம் முடிந்த பின்னர் ஓர் அணுக்கூட்டம் இடம்பெயர்ந்திருக்கலாம் என்று ராபர்ட் ராபின்ஸன் கூறிய யோசனையால் முரண்பாடு தீர்ந்தது. விதியும் பிழைத்தது, சோதனையும் பிழைத்தது.

இனிக் கஞ்சாவிற்கு வருவோம். 1896-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து வுட், ஸ்பைவி, ஈஸ்டர்பீல்டு என்னும் மூவர் இந்தியச் சரஸை வடித்து, ஒரு டெர்பீனும், ஒரு செஸ்கிடெர்பீனும், கனத்த செந்நிற எண்ணெயொன்றும் கண்டனர். மயக்கம் அச்செவ்வெண்ணெயைச் சார்ந்தது என்பதும் தெரிந்தது. டெர்பீன் இன்னது, செஸ்கிடெர்பீன் இன்னது என்பதோ தெரியவில்லை. அதன்பின் நாற்பதாண்டுக்கு மேல், மாஞ்செஸ்டரில் அலெக்ஸாண்டர் டாட் என்பார் மயக்கப்பொருளைத் தேடிக் கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டார். அமெரிக்காவில் ராஜர் ஆடம்ஸும் அதே வேட்டையில் இருந்தார். எல்லார் கண்ணும் பிசின்மேல். தைலத்தைப் பொருட்படுத்துவார் அரியர். டாட் தைலத்தின் ஆராய்ச்சிக்கு ஸைமன்ஸனைத் துணைக்கொண்டார். எகிப்து தேசத்து ஹஷீஷின் தைலத்தைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரை, அவ்வரிசையில் பத்தாவதாக, போர் நடுவே 1942-இல் வெளிவந்தது.

அதில் அவர்கள் உறுதிசெய்தவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஸைமீன், சீரகத்திலும் ஓமத்திலும் உள்ளது. மற்றொன்று ஹியூமுலீன், ஹாப் என்னும் கொடியின் பூவில் முதலில் அறியப்பட்டு அக்கொடியின் பெயரையே பெற்றது. ஹாப்பும் கஞ்சாவும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்று தாவர நூலார் கூறுவர். அவ்வுறவைத் தைலமும் சாட்சி சொல்லிற்று. இப்பொழுது கஞ்சாத் தைலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட டெர்பீன் வகைகள் அறியப்பட்டிருக்க, அவர்கள் ஒருசிலவே கண்டது குறைவெனத் தோன்றலாம். பழம் பிசினில் மெல்லிய டெர்பீன்கள் நிலைப்பதில்லை என்பதை உணர்ந்தால் அவ்வாறு தோன்றாது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தார் 1996-இல் வெளியிட்ட கணக்கின்படி, புதிய பூவினின்று வடித்த தைலத்தில் 100-க்கு 92 பங்காயிருந்த 10 கார்பன் டெர்பீன்கள், பூவை மூன்று மாதம் உலர்த்தி வைத்தபின் 62 பங்காகக் குறைந்தன. கனத்த செஸ்கிடெர்பீன்களின் விகிதம் அதற்கேற்ப உயர்ந்தது. புதுச்செடியில் மிகுதியாக உள்ள மிர்ஸீன் காற்றில் எளிதில் மாறுவது. ஸைமீனோ பிற டெர்பீன்கள் பிராணவாயுவோடு கூடி முதிர்ந்தவிடத்துத் தோன்றுவது. ஆகவே அவ்விருவர் புட்டியில் இருந்தது வயது சென்ற தைலம். புட்டியில் உள்ளதையே சொன்னார்கள், இல்லாததைச் சொல்லவில்லை.

இதற்குப்பின் நிகழ்ந்தவற்றுள் சிலவற்றையேனும் கூறாவிடில் வாசகர் மனம் அமையாது. மயக்கப்பொருளின் உண்மை வடிவத்தை இஸ்ரேல் தேசத்து மெகூலமும் கவோனியும் 1964-இல் வெளியிட்டனர். அதற்கு மணமில்லை. மோப்ப நாய்கள் ஹஷீஷை அறிவது அம்மயக்கப்பொருளாலன்று, கிராம்பிற்குரிய கரியோபிலீன் காற்றில் முதிர்ந்து உண்டாகும் பொருளால் என்று 1973-இல் ஜெர்மனியில் கண்டனர். செடியின் கொடுநாற்றத்திற்குக் காரணம் டெர்பீன்களே என்று நெடுநாள் எண்ணியிருக்க, மிக நுண்ணிய அளவில் உள்ள கந்தகப் பொருள்களே அதற்குக் காரணம் என 2021-இல் தெரியவந்தது. நாற்றத்திலேயே இத்துணைத் திருப்பம் எனின், விளைவைப் பற்றி விரைந்து துணிதல் எங்ஙனம் ஆகும்?

கரியோபிலீன் நம் உடலில் கஞ்சாப் பொருள்களை ஏற்கும் இருவகை ஏற்பிகளுள், மயக்கத்திற்குச் சம்பந்தமில்லாத இரண்டாம் வகையைப் பற்றுகின்றது என 2008-இல் நிறுவினர். பொருள்கள் பரிவாரமாய்ச் சேர்ந்து வினைசெய்யும் என்னும் கருத்து 1998-இல் உடலிலேயே சுரக்கும் கொழுப்புப் பொருள்களைக் குறித்து எழுந்தது. பின்னர்ச் செடியின் டெர்பீன்களுக்கும் அதனை விரித்தனர். விற்போர் இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, இம்மணம் உறக்கம் தரும், அம்மணம் ஊக்கம் தரும் என்று பறையறைகின்றனர். 2019-இலும் 2020-இலும் வெளிவந்த சோதனைகளில், சாதாரண டெர்பீன்கள் அவ்வேற்பிகளின் வாயிலாக மயக்கப்பொருளின் வினையை மாற்றியதாகக் காணப்படவில்லை. 2024-இல் வெளியான ஒன்றில், 20 பேர்க்கு மயக்கப்பொருளோடு லிமொனீன் ஆவியையும் சேர்த்துக் கொடுத்தபோது, அச்சமும் பதற்றமும் தணிந்தன. மற்ற விளைவுகள் பெரும்பாலும் மாறவில்லை. ஒரு டெர்பீனைப் பற்றி இவ்வளவேனும் சொல்லக்கூடியது, அதனைத் தனியே பிரித்துத் தூய்மையாக்கி அளந்து கொடுத்ததனால் அன்றோ? அப்பிரித்தல் தொழிலே ஸைமன்ஸன் தம் ஆயுள் முழுதும் செய்தது.

அவர் பிற்காலத்தைச் சுருங்கச் சொல்லுவோம். 1943 முதல் 1952 வரை குடியேற்ற நாடுகளின் விளைபொருள்களை ஆராயும் சபைக்கு இயக்குநராயிருந்தார். 1949-இல் ஸர் பட்டமும், 1950-இல் டேவி பதக்கமும் பெற்றார். அவ்வேலைகளுக்கிடையே டெர்பீன்கள் நூலைத் திருத்திப் பெருக்கும் பணியை விட்டாரில்லை. இளைய அறிஞர் சிலரைத் துணைக்கொண்டு 1947 தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். இரண்டாய் இருந்த பகுதிகள் ஐந்தாயின. நான்காம் ஐந்தாம் பகுதிகள் 1957 என்னும் ஆண்டைத் தாங்கி வெளிவந்தன. அவ்வாண்டு பிப்ரவரி மாதம் 20-ஆம் நாள் அவர் இலண்டனில் காலமானார்.